நகரமும் ஒழுங்கையும்

என் நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். முப்பது ஆண்டுகள் வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையிற் குடியிருந்தவர். பிள்ளைகள் வளர்ந்தபின் வீடு போதாதாயிற்று. நகரத்துக் காணி விலையோ ஆசிரியர் ஒருவரின் ஓய்வூதியத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆகவே வத்தளைக்கு அப்பால், நீர்கொழும்பு வீதியிலிருந்து உள்ளே விலகியிருந்த ஒரு தென்னங்காணியிற் பத்துப் பேர்ச்சஸ் நிலம் வாங்கி, வீடு கட்டிக்கொண்டு போனார்.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுதில் அவரைக் காணச் சென்றிருந்தேன். மேல்மாடியில் இருந்து உரையாடிக்கொண்டிருந்தபோது, மதிலுக்கு அப்பாலிருந்து கோயில் மணியோசை கேட்டது. தென்னோலைகளுக்கிடையே கோபுரக் கலசமும் தெரிந்தது.

"பூசைக்கு நேரமாகிறது போலும். நடந்து போய்க் கும்பிட்டு வருவோமா?" என்றேன்.

நண்பர் சிரித்தார். "நடந்தா? ஓட்டோவுக்கல்லவா சொல்ல வேண்டும்" என்றார்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று எண்ணினேன். விளையாட்டன்று. அவர் வீட்டு மதிலுக்கும் கோயில் வாயிலுக்கும் இடையே எண்பது யார் தூரங்கூட இராது. ஆயின், அந்த எண்பது யாரைக் கடப்பதற்கு அவருடைய ஒழுங்கையால் வெளியேறி, அது சென்று சேரும் கிளை வீதிக்கு வந்து, அங்கிருந்து வாகனங்கள் இரையும் நீர்கொழும்பு வீதியிற் சிறிது தூரம் போய், அடுத்த கிளை வீதியால் உள்ளே திரும்பி, இன்னோர் ஒழுங்கையின் முடிவு வரை செல்ல வேண்டும். ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர்! நண்பரின் ஒழுங்கையும் கோயில் ஒழுங்கையும் ஒன்றை நோக்கி ஒன்று வந்து, நடுவே ஒரு வெறுங்காணியை விட்டு, இரண்டு மதில்களில் முட்டி நின்றுவிட்டன.

"வெள்ளவத்தையில் இருந்த காலத்தில் நூலகத்துக்கும் கோயிலுக்கும் கடைக்கும் காலாலேயே போய் வந்தேன். இங்கே வந்தபின் நடப்பதையே மறந்துவிட்டேன்" என்றார் நண்பர். அச்சொற்கள் வீடு திரும்பும் வழியெல்லாம் என் நெஞ்சில் நின்றன.

கொழும்பு நகரம் எல்லை கடந்து பரந்து செல்கிறது என்று கவலைப்படுவோர் பலர். நகரம் வளர்வது குற்றமன்று. மக்கள் பெருகினால் வீடுகளும் பெருகத்தான் வேண்டும். வளரும் நகரம் எவ்வாறு பின்னப்படுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அக்கேள்வியைக் கேட்போர் சிலரே.

சந்தி என்னும் சொல்

சொல்லும் சொல்லும் கூடுமிடத்தை நம் இலக்கண ஆசிரியர்கள் சந்தி என்றனர். தெருவும் தெருவும் கூடுமிடமும் சந்தியே. மூன்று வழிகள் கூடினால் முச்சந்தி. நான்கு கூடினால் நாற்சந்தி. எதனோடும் கூடாது நின்றுவிடும் தெருவை முட்டுச்சந்து என்கிறோம். இன்று நகரங்களை ஆராய்வோர் செய்வதும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். ஒவ்வொரு தெருமுனையிலும் எத்தனை வழிகள் கூடுகின்றன என எண்ணுகின்றனர். முச்சந்தியும் நாற்சந்தியும் மிகுந்த ஊர் நன்கு இணைந்த ஊர். முட்டுச்சந்து மிகுந்த ஊர் இணைப்பற்ற ஊர்.

இதன் பயனை மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். சதுரங்கப் பலகைபோல அமைந்த தெருக்களில், மூன்று தெரு கிழக்கேயும் மூன்று தெரு வடக்கேயும் உள்ள ஓரிடத்துக்குச் செல்ல வேண்டும் என்று கொள்வோம். சுற்றாமற் செல்லத்தக்க வழிகள் எத்தனை? கணக்கிட்டுப் பார்த்தால் 20 வழிகள் உள. ஒரு வழியில் நீர்க்குழாய்க்குக் குழி வெட்டியிருந்தால் மற்றொரு வழியாற் போகலாம். மரத்தின் கிளைகளைப்போல அமைந்த தெருக்களிலோ எங்கிருந்து எங்கு செல்லவும் ஒரே வழிதான். அது அடைபட்டால் எல்லாம் அடைபட்டன.

இன்னொரு கணக்கு. நானூறு மீற்றர் நீளமான இரண்டு ஒழுங்கைகள் பக்கம் பக்கமாக, நாற்பது மீற்றர் இடைவெளியில் ஓடி, இரண்டும் முடிவில் அடைபட்டிருக்கின்றன. ஒன்றின் கடைசி வீட்டுப் பிள்ளை மற்றதன் கடைசி வீட்டுத் தோழனைக் காண எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? நானூறும் நாற்பதும் நானூறும் கூட்டினால் எண்ணூற்று நாற்பது மீற்றர். நாற்பது மீற்றரில் உள்ளவன் இருபத்தொரு மடங்கு தொலைவிற் போய்விடுகிறான். அயலவன் அந்நியனாவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

சங்கப் புலவர்கள் நகரத்தின் அகன்ற தெருவை ஆற்றுக்கு ஒப்பிட்டனர். மக்கள் வெள்ளம் இடையறாது ஓடும் சிறப்பை எண்ணிச் சொன்ன உவமை அது. நம் புறநகர்களில் அந்த உவமை வேறொரு வகையிற் பலித்துவிட்டது. சிற்றோடை ஓடையிற் சேர்வதுபோல ஒழுங்கை கிளை வீதியிலும், ஓடை ஆற்றிற் சேர்வதுபோலக் கிளை வீதி பெருந்தெருவிலும் சென்று விழுகின்றது. ஓடைகளுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லை. எல்லா நீரும் ஓராற்றிலே வந்து சேரும்போது ஆறு பெருகிக் கரை முட்டுவது இயற்கை. காலை ஏழு மணிக்கு நீர்கொழும்பு வீதியிலும் கண்டி வீதியிலும் ஹைலெவல் வீதியிலும் நாம் காண்பது அந்த வெள்ளத்தைத்தான். நகரத் தெரு ஆறுபோல அழகாயிருக்கட்டும். அமைப்பில் அது வலைபோல இருக்க வேண்டும்.

புறக்கோட்டையும் வெள்ளவத்தையும்

வலைபோல அமைந்த தெருக்களைக் காண நாம் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. புறக்கோட்டைக்குச் சென்றாற் போதும். ஒல்லாந்தர் காலத்தில் வகுக்கப்பட்ட அந்தத் தெருக்களிலே, முதலாம் குறுக்குத் தெரு முதல் ஐந்தாம் குறுக்குத் தெரு வரை இன்றும் அதே முறையில் நிற்கின்றன. பிரதான வீதியும் கெய்சர் வீதியும் அவற்றை ஊடறுத்துச் செல்கின்றன. ஒரு தெருவிலே பாரவண்டி நின்று மூட்டை இறக்கினால், கைவண்டி தள்ளும் நாட்டாமி அடுத்த குறுக்குத் தெருவால் திரும்பிவிடுகிறான். கட்டடங்கள் இடிந்தன, எழுந்தன, கைமாறின. ஒல்லாந்தர் போயினர், ஆங்கிலேயரும் போயினர். தெருக்கோடுகள் மாத்திரம் போகவில்லை.

இணைந்த தெரு நேராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் குச்சொழுங்கைகளை நினைத்துப் பாருங்கள். வேலிகளுக்கிடையே வளைந்து நெளிந்து சென்றாலும், பல ஒழுங்கைகள் ஈற்றில் இன்னொரு தெருவிற் போய் ஏறும். கோயிலைச் சுற்றி வரும் வெளிவீதியோ முழுவட்டமாகவே அமையும். தேர் முட்டுச்சந்தில் ஓடுவதில்லை அல்லவா?

வெள்ளவத்தை நமக்கு இன்னொரு பாடம் புகட்டுகிறது. காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகள் முன்னாளில் இரயிற் பாதையோரத்தில் முடிந்துவிடும். ஓர் ஒழுங்கையின் கடற்கோடியில் இருப்பவர் அடுத்த ஒழுங்கையின் கடற்கோடிக்கு வண்டியிற் போவதானாற் காலி வீதிக்கு ஏறி, மறுபடியும் இறங்க வேண்டும். பொறுமையற்றவர் தண்டவாளத்தோரமாக நடந்தனர். அது உயிருக்கு அபாயமான குறுக்குவழி. பின்னர், கொள்ளுப்பிட்டியிலிருந்து கடலோரமாகப் படிப்படியாக அமைக்கப்பட்ட மரைன் டிரைவ், அந்த ஒழுங்கைகளின் முனைகளைத் தொடுத்துவிட்டது. ஒழுங்கைகள் பழையவையே, அவற்றின் முனைகள் மாத்திரம் சேர்ந்தன. காலி வீதி ஒரு சட்டமாகவும் மரைன் டிரைவ் மறு சட்டமாகவும் ஒழுங்கைகள் படிகளாகவும் அமைய, சீப்புப்போல இருந்த ஊர் ஏணிபோல ஆயிற்று. காலி வீதியில் நெரிசல் மிகும்போது அந்த இரண்டாவது சட்டத்தின் அருமை தெரியும். மாலையில் அங்கே காற்று வாங்கி நடக்கும் முதியோரைக் கேட்டாலும் தெரியும்.

தென்னங்காணி மனைகளாகும்போது

இந்தப் பாடத்தை நம் புறநகர்கள் கற்கவில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் பேர். கொழும்பு மாவட்டம் முழுவதிலும் வாழ்ந்தவர்களோ 23 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அயலிலுள்ள கம்பஹா மாவட்டத்தில் இன்னும் 23 இலட்சம் பேர். இவ்வாறு பார்த்தால், நகரத்தின் வாழ்வு பெரும்பாலும் நகர எல்லைக்கு வெளியேதான் நடக்கிறது. அங்கே தெருக்கள் எவ்வாறு பிறக்கின்றன?

ஐந்து ஏக்கர் தென்னங்காணி ஒன்று விற்பனைக்கு வருகிறது. ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். ஆக 800 பேர்ச்சஸ். நில அளவையாளர் நடுவே ஒரு பாதையை வரைகிறார். இரு மருங்கும் மனைகளைப் பிரிக்கிறார். பாதை எல்லை மதிலிற் போய் நிற்கிறது. அதனை அப்பாலும் கொண்டு சென்றால் விற்கத்தக்க ஒரு மனையின் நிலம் குறையும். விற்பவருக்கு அது நட்டம். பிறத்தியார் நடமாட்டம் இல்லாத அமைதியான இடம் என்று விளம்பரமும் செய்யலாம். வாங்குபவருக்கு அது மகிழ்ச்சி. பத்தாண்டு கழித்து அடுத்த காணிக்காரரும் இதையே செய்கிறார். ஒவ்வொருவரும் தமக்கு நியாயமானதையே செய்கின்றனர். அந்த நியாயங்களின் கூட்டுத்தொகையோ ஊருக்கு அநியாயமாக முடிகிறது.

நாட்டிலே சட்டம் இல்லாமலும் இல்லை. வீடமைப்பு, நகர மேம்பாடு பற்றிய கட்டளைச் சட்டம் 1915இல் வந்தது. நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் 1946இல் வந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978இல் வந்தது. பாதையின் அகலம் எத்தனை அடி, மனையின் பரப்பு எவ்வளவு என்பன அளக்கப்படுகின்றன. "இந்த ஒழுங்கை அடுத்த காணியின் ஒழுங்கையோடு சேருமா?" என்னும் கேள்விதான் பெரும்பாலும் எழாமற் போகிறது. அது தனியொருவரின் கேள்வியன்று. அதனால் அதைக் கேட்பார் இல்லை.

இதனால் வரும் நட்டத்தைச் சுமப்பவர் யாவர்? முட்டுச்சந்துக்குள் பேருந்து வராது. வந்தால் திரும்ப முடியாது. ஆகவே மோட்டார் வண்டி உடையவர் வண்டியிற் போகிறார். மோட்டார் சைக்கிள் உடையவர் அதிற் போகிறார். இரண்டும் இல்லாத முதியவரும் பிள்ளைகளும் வீட்டுப் பெண்களும் ஓட்டோவுக்குக் காசு எண்ணுகிறார்கள். இல்லையேல் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். மதிலுக்கு அப்பால் உள்ள பாடசாலைக்குப் பிள்ளை வானில் ஏறிப் பெருந்தெருவைச் சுற்றிப் போகிறது. அந்த வானும் பெருந்தெருவின் நெரிசலில் ஒன்றாகிறது.

2014 முதல் 2019 வரை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட வெளிச்சுற்று நெடுஞ்சாலை, கொட்டாவையிலிருந்து கடுவலை, கடவத்தை வழியாகக் கெரவலப்பிட்டிக்கு விரைவில் எம்மைக் கொண்டு சேர்க்கிறது. நன்று. ஆயினும், என் நண்பரை எண்பது யார் தொலைவிலுள்ள கோயிலுக்குக் கொண்டு சேர்க்க எந்த நெடுஞ்சாலையாலும் முடியாது.

பிறநாட்டார் கண்ட அனுபவம்

கட்டடம் தவறானால் இடித்துக் கட்டலாம். தெரு தவறானால் திருத்துவது எளிதன்று. 1666ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. கிறிஸ்தோபர் ரென் என்னும் சிற்ப வல்லுநர் உடனே புதிய தெருத்திட்டம் ஒன்றை வரைந்து அரசரிடம் கொடுத்தார். நகரமே சாம்பலாய்க் கிடந்தது; தடையாக நிற்க ஒரு சுவரில்லை. இருந்தும் திட்டம் நிறைவேறவில்லை. சுவர்கள் எரிந்தன, காணி உரிமைகள் எரியவில்லை. பெரும்பாலும் பழைய தெருக்களின் வழியிலேயே புதிய லண்டன் எழுந்தது.

நியூயோர்க் நகரத்தார் முந்திக்கொண்டனர். மான்ஹற்றன் தீவின் தென்முனையளவிலே நகரம் அடங்கியிருந்த 1811ஆம் ஆண்டிலேயே, வடக்கே வயலும் மேடுமாகக் கிடந்த நிலத்தில் 155ஆம் தெரு வரை கோடிட்டு வைத்தனர். வீடுகள் பின்னர் வந்து அக்கோடுகளை நிரப்பின.

முட்டுச்சந்தை ஒரு நாகரிகமாக்கியதும் அதே நாடுதான். 1929இல் நியூ ஜேர்சியில் ராட்பேர்ண் என்னும் குடியிருப்பு அமைந்தது. மோட்டார் வண்டியிடமிருந்து பிள்ளைகளைக் காப்பதே அதன் நோக்கம். வீடுகள் முட்டுச்சந்துகளில் இருந்தன. ஆயின் பின்புறத்தே பூங்காவினூடாக நடைபாதைகள் எல்லாவற்றையும் இணைத்தன. பின்வந்தவர்கள் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டனர், நடைபாதையை விட்டுவிட்டனர். 1930களில் அமெரிக்க அரசின் வீடமைப்பு நிருவாகமும் கட்டத் தெருக்களை விரும்பாது இந்த முறையையே ஊக்குவித்தது. 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் நகரங்களின் வாழ்வும் சாவும் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில், தெருக்கள் குறுகிய இடைவெளியில் அடிக்கடி திரும்பத்தக்கனவாய் இருக்க வேண்டும் என்று வாதாடினார்.

பரிங்டன்-லீ, மிலாட்-போல் என்னும் இரு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவிற் புதிதாக அமைந்த தெருக்களின் இணைப்பின்மை 1994ஆம் ஆண்டளவில் உச்சத்தை அடைந்து, அதன்பின் குறையத் தொடங்கியது. அவ்விருவருமே 2020இல் உலகம் முழுவதையும் ஆராய்ந்து வெளியிட்ட முடிவு நமக்குரியது: 1975 முதல் உலகின் பெரும்பகுதிகளிற் புதிய தெருக்கள் முன்னையிலும் இணைப்புக் குறைந்தனவாகவே அமைந்து வந்துள்ளன. ஒரு நாடு கைவிடத் தொடங்கிய பிழையை மற்ற நாடுகள் கைப்பற்றிக்கொண்டன.

அமைதிக்கு விடை

முட்டுச்சந்தில் வாழ்வோர் கூறும் நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். "எங்கள் ஒழுங்கையில் வண்டிகள் பறப்பதில்லை, பிள்ளைகள் அச்சமின்றி விளையாடுகிறார்கள்" என்பர். அது மெய்யே. வண்டிக்கு அடைத்த வழியைக் காலுக்கும் அடைக்க வேண்டும் என்பது எங்குள்ள நியதி? ஜேர்மனியிலும் டென்மார்க்கிலும் வண்டிகளுக்கு முட்டுச்சந்தான பல தெருக்களில் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் வழி திறந்திருக்கிறது. "திருடர் வருவரே" என்பாருக்கு ஒரு விடையுண்டு. ஆள் நடமாட்டமுள்ள வழியிற் பல கண்கள் காவல் காக்கும். தனித்த மதிலோரத்தில் அத்தகைய காவலில்லை.

இன்னொரு தடையும் உண்டு. கொழும்பின் அயல் சதுப்பும் வயலும் கால்வாயும் நிறைந்த நிலம். 2018இல் ராம்சார் அமைப்பின் ஈரநில நகரம் என்னும் சிறப்பைக் கொழும்பு பெற்றது. ஒழுங்கைகளைச் சேர்க்கிறோம் என்று சதுப்பை நிரப்புவது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதாகும். அங்கே ஒழுங்கை நிற்பது முறையே. சதுப்பு நிறுத்திய ஒழுங்கை வேறு. மதில் நிறுத்திய ஒழுங்கை வேறு.

1921இல் கொழும்பு நகரத் திட்டம் பற்றி முதலறிக்கை எழுதிய பற்றிக் கெடிஸ் என்னும் பேரறிஞரை இங்கே நினைவு கூரலாம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்து நகரங்களை ஆராய்ந்த காலத்தில், பழைய குடியிருப்புகளை இடித்து நேர்வீதி போடும் முறையை அவர் கண்டித்தார். ஊர் முழுவதையும் நடந்து பார்த்து, அடைபட்ட இடங்களை மாத்திரம் அளந்து திறக்கும் சிக்கனமான சத்திரசிகிச்சையே வேண்டும் என்றார். நம் புறநகர்களுக்கு இன்று வேண்டுவதும் அதுவே. காணி பிரிக்கும் வரைபடத்தைப் பிரதேச சபை ஏற்கும்போது, பாதையை எல்லைவரை கொண்டு செல்லவும், அடுத்த காணி பிரிபடும் நாளில் அதனோடு சேரவும் நிபந்தனை விதிக்கலாம். ஏற்கெனவே அடைபட்ட இடங்களில் ஆறடி அகல நடைபாதை ஒன்று போதும். மனிதனுக்கு ஈற்றில் ஆறடி நிலம் போதும் என்பர். ஓர் ஊருக்கும் சில வேளைகளில் ஆறடி நிலமே போதும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் ஒவ்வொருவரையும் தம் வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியை வரையச் சொல்லுங்கள். நேர்த்தூரம் எவ்வளவு, நடக்கும் தூரம் எவ்வளவு, எங்கே ஒரு மதில் நிற்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். அந்தப் படங்களை ஒன்று சேர்த்தால், ஊரின் அடைபட்ட இடங்கள் யாவும் தாமே வெளிப்படும். பிரதேச சபைக்குக் கொடுக்க அதைவிட நல்ல விண்ணப்பம் இல்லை.

என் நண்பர் அந்த வெறுங்காணியின் உரிமையாளருக்குக் கடிதம் எழுதினார். ஓரமாக ஆறடியை விலைக்குத் தருமாறு கேட்டார். ஒழுங்கைக்காரர் எல்லாரும் பணம் பகிர்வதாக முதலிற் சொன்னார்கள். பின்னர் சிலர் பின்வாங்கினார்கள். கோயில் ஒழுங்கையிலும் இருவர் மறுத்தனராம். பேச்சு நீண்டது. சென்ற மாதம் நான் போனபோது காணி விலைப்பட்டு, அத்திவாரம் வெட்டப்பட்டிருந்தது. மாடியில் நின்று நண்பர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் மணி அடித்தது.

"மதில் இன்னும் எழவில்லை. புதிதாக வருபவரையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கப் போகிறேன்" என்றார்.